சார்ஜ் ஒரு வழி, ஸ்பின் ஒரு வழி: பிளாஸ்டிக்குக்குள்ள கரண்ட் எப்படி நடக்குது

2004ல அமெரிக்காவுல அயோவா யூனிவர்சிட்டில ஒரு குரூப், ஒரு பாலிமர் டையோடு பக்கத்துல சின்னதா ஒரு காந்தப்புலத்த குடுத்து பாத்தாங்க. பாலிஃப்ளூரீன்னு ஒரு பிளாஸ்டிக், அத ரெண்டு எலக்ட்ரோடுக்கு நடுவுல மெல்லிசா பூசி வச்சிருந்தாங்க, அதுல இரும்பு கிடையாது, நிக்கல் கிடையாது, காந்தம்னு சொல்ற மாதிரி எதுவுமே கிடையாது. ஆனா வெறும் 10 மில்லி டெஸ்லா புலத்துக்கு, அதுவும் ரூம் டெம்பரேச்சர்லயே, ரெசிஸ்டன்ஸ் 10 சதவீதம் வரைக்கும் மாறிடுச்சு. 10 மில்லி டெஸ்லான்னா கிட்டத்தட்ட ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டற பொம்மை காந்தத்தோட பலம்தான்.

இது ஏன் அதிசயம்னு கொஞ்சம் கணக்கு போட்டாதான் புரியும். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டி காந்தம் மாதிரி, அந்த குணத்துக்கு ஸ்பின்னு பேரு. ஸ்பின் மேல பாத்தா ஒரு எனர்ஜி, கீழ பாத்தா ஒரு எனர்ஜி, 10 மில்லி டெஸ்லாவுல அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் சுமார் 1 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். ரூம்ல இருக்கற சாதாரண வெப்பமோ 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது 20 ஆயிரம் மடங்குக்கு மேல. சந்தை இரைச்சலுக்கு நடுவுல யாரோ மூச்சு விட்ட சத்தம் கேட்டு வியாபாரி விலைய மாத்தறான்னு சொன்னா நம்புவீங்களா, அந்த மாதிரிதான் இது. வெப்பம் இவ்வளவு குலுக்கும்போது அந்த துளி காந்தப்புலம் எப்படி கரண்ட்ட மாத்த முடியும்?

இதுக்கு பதில் இருக்கு, ஆனா நேரா அங்க போக முடியாது. முதல்ல இந்த மாதிரி பொருள்ல சார்ஜ் எப்படி நகருதுன்னு பாக்கணும், அப்புறம் ஸ்பின். எலக்ட்ரான் சார்ஜையும் ஸ்பின்னையும் சேத்து சுமக்குதுன்னு படிச்சிருக்கோம், அதனால எலக்ட்ரான் எங்க போனாலும் ரெண்டும் ஒண்ணாதான் போகும்னு ஒரு நினைப்பு மனசுல உக்காந்துடுது. ஆர்கானிக் பொருள்ல, அதாவது இந்த பிளாஸ்டிக் மாதிரி கார்பன் மாலிக்யூலால ஆனதுல, அந்த நினைப்பு நிக்காது, இங்க சார்ஜும் ஸ்பின்னும் தனித்தனியா நடக்கும், இந்த முழு துறையையும் நான் புரிஞ்சுக்கிட்டது அந்த ஒரு இடத்துல இருந்துதான்.

சிலிக்கான்ல எல்லா அணுவும் பலமான பிணைப்புல, வரிசை தப்பாம நிக்குது. எலக்ட்ரானுக்கு அது காஞ்ச தார் ரோடு மாதிரி, சார்ஜ் எவ்வளவு சுலபமா நகருதுங்கறதுக்கு மொபிலிட்டின்னு ஒரு அளவு சொல்வாங்க, சிலிக்கான் கிரிஸ்டல்ல எலக்ட்ரானுக்கு அது 1400 பக்கம் (சதுர செ.மீ, வோல்ட்டுக்கு செகண்டுக்கு). ஆர்கானிக்ல ஒவ்வொரு மாலிக்யூலும் தனி ஆள், ஒண்ணுக்கொண்ணு வேண்டர்வால்ஸ் இழுப்புல லேசா சாஞ்சு நிக்குது, அவ்வளவுதான். ஒரு எலக்ட்ரான் ஒரு மாலிக்யூல் மேல வந்து உக்காந்தா அந்த மாலிக்யூலே கொஞ்சம் உருவம் மாறி, பிணைப்பு நீண்டு சுருங்கி, அந்த எலக்ட்ரானுக்கு ஒரு குழி பறிச்சு குடுத்துடும். சேத்து வயல்ல நடக்கற மாதிரி நினைச்சுக்கோங்க. கால் வச்ச இடம் புதையுது, அடுத்த அடி வைக்கணும்னா கால பிடுங்கணும், பிடுங்கி வச்ச இடமும் புதையுது, ஆளோட சேந்து அந்த பள்ளமும் வயல் முழுக்க நகந்துக்கிட்டே வருது. இப்படி பள்ளத்தோட சேந்து போற சார்ஜுக்குத்தான் போலரான்னு பேரு.

கால பிடுங்க சக்தி வேணும்ல, அத குடுக்கறது வெப்பம்தான். அதனாலதான் உலோகத்துல சூடு ஏற ஏற கரண்ட் கஷ்டப்படும், இங்க பெரும்பாலும் தலைகீழ், சூடு ஏறினா தாவறது சுலபம். இந்த தாவலுக்கான கணக்க ருடால்ஃப் மார்கஸ் 1956லயே எழுதிட்டார், கரைசல்ல நடக்கற கெமிக்கல் ரியாக்ஷனுக்காக எழுதினது, 1992ல நோபல் வாங்கிக் குடுத்தது, இன்னிக்கு ஆர்கானிக் டிரான்சிஸ்டருக்கும் அதத்தான் எடுக்கறாங்க. இதுக்கு மேல இன்னொரு தொல்லை, பூசின ஃபிலிம்ல எந்த ரெண்டு மாலிக்யூலும் ஒரே மாதிரி சுத்துப்புறத்துல இருக்காது, ஒண்ணோட எனர்ஜி கொஞ்சம் மேல, ஒண்ணோடது கீழ, அந்த ஏத்த இறக்கம் சுமார் 100 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இருக்கும், ரூம் வெப்பத்த விட நாலு மடங்கு. ஜெர்மனில பெஸ்லர் 1993ல இத வச்சு ஒரு மாடல் போட்டார், மேடு பள்ளம் சீரில்லாம சிதறி கிடக்கற நிலத்துல தாவி தாவி போற சார்ஜ் எவ்வளவு வேகமா போகும்னு அதுல கணக்கு பாக்கலாம். ஓஎல்இடி, அதாவது கரண்ட் குடுத்தா வெளிச்சம் விடற ஆர்கானிக் விளக்கு, அந்த ஆராய்ச்சில ரொம்ப நாளா ஓடற ஏஎல்கியூ3ங்கற பொருள்ல மொபிலிட்டி அதே அளவுல வெறும் 0.00001, அதுக்கும் கீழ கூட வரும். சிலிக்கானோட 1400க்கு பக்கத்துல இத வச்சு பாருங்க, கோடி மடங்குக்கு மேல வித்தியாசம்.

எல்லா ஆர்கானிக்கும் இப்படித்தான்னு சொல்லிடக்கூடாது. ரூப்ரீன்னு ஒரு சிவப்பு கிரிஸ்டல் இருக்கு, நல்லா சுத்தமா வளத்தா 10, 20 வரைக்கும் மொபிலிட்டி வரும், குளுத்தினா அது குறையறதுக்கு பதிலா கூடும், ஹால் எஃபெக்ட் கூட (ஓடற சார்ஜ காந்தப்புலம் பக்கவாட்டுல தள்ளறது) அளந்து பாத்துட்டாங்க, அதாவது அங்க சார்ஜ் வெறுமனே தாவல, பரவி ஓடற குணமும் இருக்கு. ஆனா முழுசா தார் ரோடும் இல்ல. மாலிக்யூலுங்க லேசா பிடிச்சிருக்கறதால எப்பவும் ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு கணம் எலக்ட்ரான் பரவி இருக்கும், அடுத்த கணம் அந்த ஆட்டத்துல சிக்கி ஒரே இடத்துல ஒடுங்கும், ஆட்டம் மாறினதும் திரும்ப விடுபடும். இதுக்கு டிரான்சியன்ட் லோக்கலைசேஷன்னு பேரு வச்சிருக்காங்க. எனக்கு இந்த விளக்கம் தாவல், ஓட்டம்னு ரெண்டே பெட்டிக்குள்ள எல்லாத்தையும் அடைக்கறத விட நேர்மையா படுது.

சரி, இனி ஸ்பின். சார்ஜும் ஸ்பின்னும் பிரியறத முதல்ல காட்டினது பாலிஅசெட்டிலீன்ங்கற பாலிமர். டோக்கியோவுல ஷிரகாவா லேப்ல 1967ல கேட்டலிஸ்ட்ட தவறுதலா ஆயிரம் மடங்கு அதிகமா போட்டதுல பௌடருக்கு பதிலா வெள்ளி மாதிரி பளபளன்னு ஒரு ஃபிலிம் வந்துச்சு. அப்புறம் பென்சில்வேனியாவுல மெக்டயர்மிட், ஹீகர் கூட சேந்து 1977ல அதுக்கு அயோடின் ஏத்தினதும் கண்டக்டிவிட்டி ஒரு கோடி மடங்கு ஏறிடுச்சு, மூணு பேருக்கும் 2000ல கெமிஸ்ட்ரி நோபல். இந்த கதை நிறைய பேருக்கு தெரியும். அதுக்கு அப்புறம் வந்ததுதான் எனக்கு இன்னும் பெருசு. லேசா அயோடின் ஏத்தின அந்த ஃபிலிம்ல கரண்ட் நல்லா போகுது, ஆனா காந்தப்புலத்துக்கு எவ்வளவு ஸ்பின் பதில் சொல்லுதுன்னு அளந்தா கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. கரண்ட் சுமக்கறவங்க இருக்காங்க, அவங்க கையில ஸ்பின் இல்ல!

1979ல சூ, ஷ்ரீஃபர், ஹீகர் மூணு பேரும் இதுக்கு ஒரு மாடல் குடுத்தாங்க. அத கோலாட்டம் வச்சு சொன்னா சுலபமா புரியும். ஒரு நீள வரிசையில பொண்ணுங்க நிக்கறாங்க, ஒவ்வொருத்தியும் பக்கத்துல இருக்கற ஒருத்தியோட மட்டும் ஜோடி சேந்து கோல் தட்டணும். இடது கோடில இருந்து ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேந்துக்கிட்டே வராங்க, வலது கோடில இருந்தும் அதே மாதிரி வராங்க, மொத்தம் ஒத்தப்படைன்னா நடுவுல ஒருத்தி ஜோடி இல்லாம நிப்பா. அவ பக்கத்து ஜோடில ஒருத்திய தன் பக்கம் திருப்பிக்கிட்டா அந்த ஜோடில மிச்சமானவ தனியாயிடுவா. யாரும் நின்ன இடத்த விட்டு அசையல, ஆனா ஜோடி இல்லாத இடம் மட்டும் ரெண்டு ஆள் தள்ளி போயிடுச்சு. பாலிஅசெட்டிலீன்ல கார்பன் அணுங்கதான் அந்த வரிசை, டபுள் பாண்ட்தான் ஜோடி, ஜோடி இல்லாத அந்த இடத்துக்கு சாலிட்டான்னு பேரு.

இப்ப கவனிங்க. ஜோடி இல்லாம நிக்கற அந்த எலக்ட்ரானுக்கு ஸ்பின் உண்டு, ஆனா அந்த இடத்துல மொத்த சார்ஜ் பூஜ்யம். அயோடின் வந்து அந்த எலக்ட்ரான பிடுங்கிட்டா அங்க பாசிட்டிவ் சார்ஜ் வந்துடும், ஆனா தனி எலக்ட்ரானே இல்லாததால ஸ்பின் போயிடும். ஒரு சாலிட்டான் ஸ்பின்ன மட்டும் சுமக்கும், இன்னொண்ணு சார்ஜ மட்டும் சுமக்கும். வெறும் எலக்ட்ரான வச்சுக்கிட்டு இத கற்பனை கூட பண்ண முடியாது. ரெண்டு பக்க ஜோடி வரிசையும் ஒரே எனர்ஜில இருந்தாதான் இது நடக்கும், பாலிஅசெட்டிலீனுக்கு அந்த அமைப்பு இருக்கு, இன்னிக்கு டிவைஸ்ல போடற மத்த பாலிமர் அனேகமா எதுக்கும் கிடையாது, அங்க போலரான்தான் ராஜா, அதுக்கு சார்ஜும் உண்டு ஸ்பின்னும் உண்டு. ரெண்டு போலரான் ஒரே பள்ளத்துல ஜோடி சேந்தா பைபோலரான், அதுக்கு ரெண்டு மடங்கு சார்ஜ், ஸ்பின் கிடையாது. இந்த பைபோலரான ஞாபகம் வச்சுக்கோங்க, காந்தப் புதிர்ல திரும்ப வரும்.

ஸ்பின் உங்க கையில இருக்கற போன்லயே வேலை செய்யுதுன்னு சொன்னா கொஞ்சம் நம்ப கஷ்டமா இருக்கும். 1987ல கோடாக்ல டாங்கும் வான் ஸ்லைக்கும் ரெண்டு லேயர் ஆர்கானிக் போட்டு 10 வோல்ட்டுக்குள்ள பளிச்சுன்னு எரியற ஓஎல்இடி பண்ணாங்க, 1990ல கேம்பிரிட்ஜ்ல பாலிமர்லயும் வந்துடுச்சு. ஒரு பக்கம் எலக்ட்ரான் ஏறும், இன்னொரு பக்கம் ஹோல், அதாவது எலக்ட்ரான் இல்லாத பாசிட்டிவ் இடம், ஏறும், ரெண்டும் நடுவுல ஒரு மாலிக்யூல்ல சந்திச்சா வெளிச்சம். ஆனா ரெண்டுக்கும் ஸ்பின் இருக்கு, அது ரெண்டும் நாலு விதமா சேரலாம், ஒண்ணு சிங்லெட் (ரெண்டு ஸ்பின்னும் எதிரெதிரா அடங்கினது), மூணு டிரிப்லெட் (ரெண்டும் ஒண்ணா சேந்தது). மாலிக்யூலோட தரைநிலை, அதாவது எனர்ஜி குறைஞ்ச அடிநிலை, சிங்லெட்ங்கறதால சிங்லெட்டுக்கு மட்டும்தான் வெளிச்சம் விட அனுமதி, டிரிப்லெட் இறங்கணும்னா ஸ்பின் புரளணும், கார்பன் ஹைட்ரஜன் மாதிரி லேசான அணுல ஸ்பின்ன புரட்டற சக்தி ரொம்ப கம்மி. அப்ப 4ல 3 பங்கு கரண்ட் வெறும் சூடா போயிடும், 25 சதவீதம்தான் உச்ச வரம்பு.

ஸ்பின்ன புரட்டறது எதுன்னா ஸ்பின் ஆர்பிட் கப்ளிங், எலக்ட்ரான் அணுக்கருவ சுத்தற ஓட்டம் அதோட ஸ்பின் மேலயே காட்டற பிடி. அணு எண் ஏற ஏற இது செங்குத்தா ஏறும், கார்பனுக்கு 6, இரிடியத்துக்கு 77. அதனால 1998ல பிரின்ஸ்டன்ல ஃபாரஸ்ட்டும் தெற்கு கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில தாம்ப்சனும் அவங்க குரூப்போட சேந்து மாலிக்யூல் நடுவுல ஒரு பிளாட்டினம் அணுவ வச்சாங்க, அடுத்த வருஷமே இரிடியம், டிரிப்லெட்டும் எரிய ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 100 சதவீதத்துக்கு போயிடுச்சு. 2012ல ஜப்பான்ல க்யூஷு யூனிவர்சிட்டில அடாச்சி குரூப் உலோகமே இல்லாம இன்னொரு வழி காட்டினாங்க, சிங்லெட் டிரிப்லெட் ரெண்டோட எனர்ஜியும் ரொம்ப பக்கத்துல வர மாதிரி மாலிக்யூல வடிவமைச்சா ரூம் வெப்பமே டிரிப்லெட்ட மேல தள்ளி சிங்லெட் ஆக்கிடும். போன் ஸ்க்ரீன்ல சிவப்பும் பச்சையும் இந்த டிரிப்லெட் வெளிச்சத்துல எரிய, நீலம் மட்டும் ரொம்ப காலமா பழைய சிங்லெட் வழியிலயே இருந்ததுக்கு காரணமும் இதேதான். நீல டிரிப்லெட்ல எனர்ஜி அதிகம், மைக்ரோ செகண்ட் கணக்குல காத்திருக்கும், அப்படி காத்திருக்கற ரெண்டு மோதிக்கிட்டா சேர்ந்த எனர்ஜி மாலிக்யூலோட பிணைப்பையே உடைச்சுடும், பிக்சல் சீக்கிரம் மங்கிடும்.

இப்ப திரும்ப அந்த அயோவா டையோடுக்கு வரலாம். கார்பன்ல ஸ்பின் புரட்டற சக்தி கம்மின்னு சொன்னேன்ல, வெளிச்சத்துக்கு அது கெடுதல், ஆனா ஸ்பின் நீடிக்கறதுக்கு அதுவே வரம். ஆர்கானிக்ல ஒரு ஸ்பின் மைக்ரோ செகண்ட் கணக்குல, சில நேரம் அதுக்கும் மேல திசை மாறாம இருக்கும், சாதாரண உலோகத்துல அது பிக்கோ செகண்ட் கணக்கு. இவ்வளவு அமைதியான ஸ்பின்ன தொந்தரவு பண்றது முக்கியமா பக்கத்துல இருக்கற ஹைட்ரஜனோட அணுக்கரு. ஒவ்வொரு புரோட்டானும் ஒரு குட்டி காந்தம், ஒரு போலரான சுத்தி அது மாதிரி நிறைய, எல்லாம் சேந்து சில மில்லி டெஸ்லா அளவுக்கு ஒரு புலம், மாலிக்யூலுக்கு மாலிக்யூல் திசை வேற வேற. ஸ்பின் அந்த புலத்த சுத்தி மெதுவா சுழலும்.

இப்ப ரெண்டு போலரான் பக்கத்து பக்கத்துல வந்து நிக்குது. ரெண்டும் ஒரே மாலிக்யூல்ல சேந்து பைபோலரான் ஆகணும்னா ஸ்பின் எதிரெதிரா, சிங்லெட்டா இருக்கணும், டிரிப்லெட்டா இருந்தா வழி அடைப்பு, பின்னாடி வரவங்களும் நிக்கணும். அந்த ஹைட்ரஜன் புலம் ஒவ்வொரு ஸ்பின்னையும் வேற வேற மாதிரி சுழட்டி டிரிப்லெட்ட சிங்லெட்டா மாத்திவிட்டு அடைப்ப திறக்கும். வெளியில இருந்து 10 மில்லி டெஸ்லா குடுத்தா அது ஹைட்ரஜனோட சில மில்லி டெஸ்லாவ விட பெருசு, ரெண்டு ஸ்பின்னும் ஹைட்ரஜன விட்டுட்டு வெளிப்புலத்த சுத்தி ஒரே தாளத்துல சுழல ஆரம்பிச்சுடும், கலக்கல் நிக்கும், அடைப்பு நீடிக்கும், ரெசிஸ்டன்ஸ் மாறும். எலக்ட்ரான் ஹோல் ஜோடி சேர்ற இடத்துலயும் இதே விளையாட்டுதான், எந்த டிவைஸ்ல எது முக்கியம்ங்கறதுல வாதம் நிறைய நடந்துச்சு. வெப்பம் ஏன் இத அழிக்கலன்னா, வெப்பம் மாலிக்யூல குலுக்குது, ஸ்பின்ன தொட அதுக்கு பிடிமானம் கிடையாது. ஸ்பின் சமநிலைக்கு வரதுக்குள்ள ஜோடியோட தலையெழுத்து முடிவாயிடும். எனர்ஜி எவ்வளவுங்கறத விட எது முந்துதுங்கறதுதான் இங்க கணக்கு.

சில பறவைங்க பூமியோட காந்தப்புலத்த வச்சு திசை கண்டுபிடிக்கறதுக்கும் இதே மாதிரி ஸ்பின் ஜோடிதான் காரணமா இருக்கணும்னு ஷூல்டன் 1978ல சொன்னார், இன்னிக்கும் பலமா பேசப்படற கருத்து அது.

ஹைட்ரஜன்தான் காரணம்னு எப்படி உறுதியா சொல்ல முடியும்? 2010ல யூட்டா யூனிவர்சிட்டில வர்தேனி குரூப் ஒரே பாலிமர ரெண்டு விதமா எடுத்து பாத்தாங்க, ஒண்ணு சாதாரண ஹைட்ரஜனோட, இன்னொண்ணுல ஹைட்ரஜன் இருந்த இடத்துல டியூட்டீரியம். கெமிஸ்ட்ரி ஒண்ணுதான், சார்ஜ் போற விதத்துல பெருசா மாத்தமில்ல, டியூட்டீரியம் எலக்ட்ரான் ஸ்பின் மேல காட்டற காந்தப் பிடி மட்டும் ஆறு மடங்குக்கு மேல கம்மி. காந்தத்துக்கு பதில் சொல்ற வளைவு குறுகிடுச்சு, ஸ்பின் போற தூரம் கூடிடுச்சு. சார்ஜ தொடாம ஸ்பின்ன மட்டும் மாத்தி காட்டின இந்த சோதனை மாதிரி சுத்தமான சோதனை இந்த துறையிலயே ரொம்ப கம்மி.

அதே யூட்டா குரூப் 2004லயே ஸ்பின் வால்வும் பண்ணியிருந்தாங்க. ரெண்டு காந்த எலக்ட்ரோடு, நடுவுல ஏஎல்கியூ3, ரெண்டு காந்தமும் ஒரே திசையில இருந்தா ஒரு ரெசிஸ்டன்ஸ், எதிரெதிரா இருந்தா வேற ரெசிஸ்டன்ஸ். 11 கெல்வின்ல 40 சதவீதம் மாத்தம், ஸ்பின் சுமார் 45 நானோமீட்டர் தாக்குப்பிடிக்குதுன்னு கணக்கு சொன்னாங்க. பெரிய உற்சாகம், கூடவே பெரிய சந்தேகம். மென்மையான ஆர்கானிக் மேல கோபால்ட் ஆவிய படிய வச்சா அணுங்க உள்ள இறங்கி ஊசி மாதிரி நிக்கும், அப்ப அளக்கறது ஆர்கானிக் வழியா போன கரண்டா இல்ல மெல்லிசான ஓட்டை வழியா பாஞ்சதா? இந்த துறைல சந்தேகப்படறதுக்கு ஒரு வலியான காரணமும் உண்டு, பெல் லேப்ஸ்ல யான் ஹென்ரிக் ஷோன் ஆர்கானிக் கிரிஸ்டல் டிரான்சிஸ்டர்னு வரிசையா வெளியிட்ட ரிசல்ட்ட 2002ல ஒரு கமிட்டி விசாரிச்சு 24 குற்றச்சாட்டுல 16ல மோசடின்னு முடிவு பண்ணாங்க. அத நம்பி அதே சோதனைய திரும்ப செய்ய எத்தனையோ மாணவர்கள் தங்களோட வருஷங்கள குடுத்திருந்தாங்க, அத நினைச்சா இன்னிக்கும் மனசு கனக்குது.

ஸ்பின் உண்மையிலயே உள்ள போகுதுன்னு 2009ல சுவிட்சர்லாந்துல மியூவான்ங்கற ஸ்பின் உள்ள சின்ன துகள மெதுவா உள்ள செலுத்தி, இயங்கற ஸ்பின் வால்வுக்குள்ளயே அளந்து காட்டினாங்க. ஆனா ஹான்லே டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஸ்பின்னுக்கு குறுக்கா சின்ன புலம் குடுத்தா, ஆமை வேகத்துல போற சார்ஜோட ஸ்பின் வழியிலயே பல சுத்து சுத்தி சிக்னல் அழிஞ்சு போகணும். 2013ல ஒரு குரூப் ஏஎல்கியூ3ல இத பண்ணி பாத்து, அழியவே இல்லன்னு வெளியிட்டாங்க. சார்ஜோட வேகத்த வச்சு போட்ட கணக்கு ஸ்பின்னுக்கு பொருந்தல.

கட்டட வேலை நடக்கற இடத்துல செங்கல் ஏத்தறத பாத்திருப்பீங்க. ஒருத்தர் செங்கல தூக்கிக்கிட்டு மாடி ஏறலாம், இல்ல வரிசையா நின்னு கைமாத்தி விடலாம், ஆளுங்க நின்ன இடத்துலயே நிப்பாங்க, செங்கல் மட்டும் சரசரன்னு மேல போயிடும். ரெண்டு போலரான் போதுமான அளவு பக்கத்துல இருந்தா எக்ஸ்சேஞ்ச் கப்ளிங் மூலமா ரெண்டும் ஸ்பின்ன மாத்திக்கும், சார்ஜ் தாவவே வேண்டாம். 2013ல இந்த யோசனைய தியரியா போட்டாங்க, ஹான்லே காணாம போனதுக்கும் இதுவே விளக்கம்னு, ஏன்னா வேகமா கைமாறிப் போற ஸ்பின்னுக்கு வழியில சுத்தறதுக்கு நேரம் இல்ல.

கேம்பிரிட்ஜ்ல சிரிங்ஹாஸ் குரூப் இத இன்னும் தள்ளிக்கிட்டு போனாங்க. கரண்டே விடாம, காந்தத்த மைக்ரோவேவ்ல ஆட்டி ஸ்பின்ன மட்டும் பாலிமருக்குள்ள தள்ளற முறை, ஸ்பின் பம்பிங். 2014ல போலரான் வழியா ஸ்பின் மட்டும் நூத்துக்கணக்கான நானோமீட்டர் போகுதுன்னு காட்டினாங்க, 2019ல பாலிமர்ல டோப்பிங்க (முன்ன அயோடின் ஏத்தின மாதிரி வேற பொருள் சேக்கறது) ஏத்தி போலரான நெருக்கி வச்சு ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல கொண்டு போனாங்க, கைமாத்தற வேகம் கூடினதுதான் காரணம்னு சொன்னாங்க. 2004ல சொன்ன 45 நானோமீட்டர் பக்கத்துல இந்த ஒரு மைக்ரோமீட்டர வச்சு பாருங்க. சேத்துல புதைஞ்ச கால பிடுங்க முடியாம சார்ஜ் நின்னுக்கிட்டு இருக்கற அதே வயல்ல, அந்த சார்ஜுங்களோட தோள் மேலேயே ஸ்பின் கைமாறி கைமாறி அக்கரைக்கு போயிடுது.